கல்லா, மீனா

எங்கள் ஊரில் இப்போது தூண்டில் போடுகிறவன், முள் எதிலாவது மாட்டிக்கொண்டால், "கல்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான், ஆனால் அந்தக் கோடை வரைக்கும், எங்கள் அப்பன்மார் கேட்டது போலவே நாங்களும் இரண்டு வார்த்தை கேட்டோம்: "கல்லா? மீனா?" ஆனைக்கல்மடுவில் காவிரி மணலில் ஓடுகிற ஆறு அல்ல, பாறைக்கு அடியில் பொந்து, பொந்துக்குள் இன்னொரு பொந்து என்று நெளிந்து நெளிந்து ஓடுகிற ஆறு, அதனால் பத்துத் தடவை முள் மாட்டினால் ஏழு தடவை கல்லில்தான் மாட்டும். தூண்டில் நரம்பை இரண்டு தடவை சுண்டி ஆற்றைக் கேட்க வேண்டும், துடித்தால் மீன், துடிக்காவிட்டால் கல். கல் என்றால் நரம்பை அறுத்து முனையைத் தண்ணீரில் விட்டுவிடலாம், மீன் என்றால் உயிரே போனாலும் அறுக்கக் கூடாது, ஏனென்றால் முள்ளோடு போன மீன் வாய் திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும், அந்தப் பாவம் அறுத்தவன் வீட்டு அடுப்பில் வந்து உட்காரும். கேட்பது ஆற்றை என்பதால், கரையில் நிற்கிறவர்கள் யாரும் பதில் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்.

இது மீனாவுக்கும் தெரியும். ஆனால் தன் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிடும்போது வழக்கத்தை யோசித்துவிட்டா வாயைத் திறக்கிறோம்?

அவள் உண்மைப் பேர் மீனா அல்ல. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மாதேஸ்வரி. அவள் பிறந்த அன்று காலையில்தான் அவளுடைய அண்ணன் மாதையன், பதினான்கு வயதில், தன் முதல் வாளையைப் பிடித்தான்; பிடித்த மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் தொட்டிலைப் பார்த்து மீனா என்று கூப்பிட்டான், அவள் அழுகையை நிறுத்தினாள், ஊரும் அந்தப் பேரையே பிடித்துக்கொண்டது. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அவன்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டால், "பாப்பாவுக்கு ஒரு வழி பண்ணிட்டு" என்பான், அந்த வழி இருபத்தாறு வருஷமாக நீண்டுகொண்டே போயிற்று.

அந்த வழியை அவளே பண்ணிக்கொண்டாள் என்பதுதான் சங்கதி. ஓசூர்ப் பக்கம் ஒரு பால் குளிர்விப்பு நிலையத்தில் பால் பரிசோதிக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள், வேலையும் கிடைத்துவிட்டது. தபால்காரர் வந்து, "மாதேஸ்வரி யாருங்க?" என்று கேட்டபோது ஊரே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது, அவள்தான் ஓடிவந்து வாங்கினாள். முப்பது நாளுக்குள் வந்து சேராவிட்டால் ஆணை ரத்து என்று எழுதியிருந்தது. அவள் மறுநாளே கிளம்பத் துணி மடித்தாள்.

அந்தச் சித்திரையில் ஆறு வற்றி, பாறைகளெல்லாம் விலா எலும்பாகத் துருத்திக்கொண்டு, தண்ணீர் அங்கங்கே மடுவில் மட்டும் கிடந்தது. பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. பதினைந்து நாளாக யாருக்கும் ஒரு கெண்டைகூட மாட்டவில்லை. நான் மீன் கூடையைப் பென்னாகரம் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். என் கூடை அப்போது வீட்டில் கவிழ்ந்து கிடந்தது, கோழி அதன்மேல் படுத்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் நான் செய்ததற்கு இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் போகலாம்.

மறுநாள் காலை மீனா களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்ல, மடுவோரப் பாறையான ஆனைக்கல்லுக்குப் போனாள். மாதையன் பாறைமேல் உட்கார்ந்து, மூங்கில் கழியில் கட்டிய பழைய ரீலோடு மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முள் எதிலோ மாட்டியிருந்தது. அவள் பின்னால் வந்து நிற்பது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நான் பக்கத்துப் பாறையில் இருந்தேன், கேட்டதைச் சொல்கிறேன்: இரண்டு தடவை சுண்டினான், "கல்லா?" என்று மெதுவாகக் கேட்டான், ஒரு மூச்சு விட்டான், அப்புறம் கொஞ்சம் குரலை உயர்த்தி, "மீனா?" என்றான்.

"என்னாண்ணா?" என்றாள் அவள்.

நரம்பு விண்ணென்று இறுகி, ரீல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவளுடைய வலது உதட்டோரம் சற்றே மேலே தூக்கிக்கொண்டது, கொசு கடித்த மாதிரி அங்கே விரலால் சொறிந்தாள், அவ்வளவுதான் நடந்தது. களியை வைத்துவிட்டு, அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள். அவள் ஊருக்குள் நடக்க நடக்க, எதிர்ப்பக்கம் மடுவுக்குள் நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ரேஷன் கடையைத் தாண்டியதும் நின்றாள். கால் இருந்தது, பாதை இருந்தது, முன்னால் மட்டும் போக முடியவில்லை. அறுபது பாகம் நரம்பும் ரீலிலிருந்து தீர்ந்துபோயிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பேருந்து நிற்கிற புளியமரம் எழுபத்திரண்டாவது பாகத்தில் இருந்தது.

முதல் நாள் ஊர் கூடிப் பேசியது. அறுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவள் வாயாலேயே மீன் என்று ஆகிவிட்ட பிறகு அறுத்தால் அவள் பட்டினி கிடந்து சாவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு நரம்பை முடிச்சுப் போட்டு நீட்டலாமே என்று மீனா கேட்டாள். "முடிச்சு தாங்காது பாப்பா. நடுவுல அறுந்துதுன்னா நான் யாருகிட்டப் போயி அழுவேன்?" என்றான் மாதையன். பூசாரி ரீலுக்கு மஞ்சள் துணி கட்டினார். மீன் மாட்டிய கழியைக் கீழே வைக்கக் கூடாது என்பதால், மாதையன் சாப்பிடவும் தூங்கவும் போகும்போது யார் பிடிப்பது என்று முறை போட்டோம், ஆனைக்கல்மேல் அவனுக்கு ஒரு கீற்றுக் கொட்டகையும் போட்டுக் கொடுத்தோம்.

இரண்டாவது நாள் அவள் வெக்கை தாங்காமல் மடுவில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாளைகள் வந்தன. ஒன்று இரண்டு அல்ல, இத்தனை நாளாக எந்தப் பொந்தில் கிடந்தனவோ, கை நீளம், இடுப்பு நீளம், மீசையை ஆட்டிக்கொண்டு அவள் காலடியில் வந்து வட்டம் போட்டன. அன்று ஊரில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது, நான் கோழியை விரட்டிவிட்டுக் கூடையை நிமிர்த்தினேன்.

அதற்கப்புறம் அதிசயம் எங்கள் வீட்டுப் பண்டம் போல் ஆகிவிட்டது. ஊரில் தூரமெல்லாம் ஆனைக்கல்லிலிருந்து அளக்கப்பட்டது. மீனா வீடு நாற்பதாவது பாகம், ரேஷன் கடை ஐம்பத்தைந்து, கோவில் வாசல் ஐம்பத்தொன்பது என்று சின்னப் பிள்ளைகள் பாட்டாகப் பாடின. கருவறை அறுபதுக்கு அப்பால் என்பதால், அம்மன் அவளுக்கு எட்டுகிற இடத்துக்குப் பல்லக்கில் வந்தாள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து, எல்லாம் பிடித்திருக்கிறது, பையனும் அறுபது பாகத்துக்குள்தான் குடியிருக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். மீன் வறுத்து விற்கிற கெம்பம்மா தன் அடுப்பையும் இரும்புச் சட்டியையும் மடுவுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், வந்தவள் மீனாவுக்குத் தலை வாரிவிட்டாள், வயிறு பார்த்துச் சோறு போட்டாள், வெயில் பட்டால் முந்தானையால் மறைத்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை, அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எல்லாரையும்விட அன்பாக இருந்தவன் மாதையன். பெரிய மீனை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கொஞ்சம் நரம்பு விட வேண்டும், அது ஓடிக் களைத்ததும் சுற்ற வேண்டும், மறுபடி விட வேண்டும். விட்டுப் பிடிப்பது என்று இதைச் சொல்வோம், இதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் அவள் முகம் வாடியிருந்தால் நரம்பை முழுசும் விட்டுவிடுவான், அவள் ரேஷன் கடை வரைக்கும் போய்ப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பேருந்து வரும், போகும், அப்புறம் அவன் மெல்ல மெல்லச் சுற்றுவான், அவள் தானாகத் திரும்பி வருகிற மாதிரி நடந்து வருவாள். "நான் உன்ன இழுக்கவே இல்ல பாத்தியா?" என்பான். அவள் வலது பக்கம் மட்டும் சிரிப்பாள், அது சிரிப்பா நரம்பா என்று தெரியாது.

தபால்காரர் வரும்போதெல்லாம் அவளைப் பார்த்து, "இன்னும் பதினாறு நாள் இருக்குதும்மா" என்பார், அடுத்த தடவை "பத்து நாள்" என்பார். அவர் ஒருவர்தான் அவளை மாதேஸ்வரி என்று கூப்பிட்டவர், அதுவும் கடிதாசியில் அப்படி இருந்ததால்.

இருபத்துமூன்றாம் நாள் தண்ணீர் இன்னும் இறங்கியது. எங்கள் ஆயுசில் பார்த்திராத கல்லெல்லாம் வெளியே வந்தது. அன்று விடிந்து ஆனைக்கல்லில் போய் நின்ற நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்: கழியிலிருந்து நான்கு பாகம் தள்ளி, ஒரு பாறை வெடிப்பில், மாதையனுடைய முள் மாட்டியிருந்தது. வெறும் கல். அறுத்துத் தண்ணீரில் விட்டிருக்க வேண்டிய கல். நான்கு பாகத்தில் மாட்டிய முள்ளுக்கு அறுபது பாகம் நரம்பு எங்கே போனது என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கெம்பம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மீனுங்களுக்கு வெயிலடிக்குது. ஒரு சாக்க நனைச்சுப் போட்டா தேவலாம்."

நனைத்த சாக்கை வெடிப்பின்மேல் போட்டோம். அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினோம். மூன்று மூட்டை நான் தூக்கினேன். மாதையன் கழியைப் பிடித்தபடி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

ஈரச் சாக்கு எத்தனை நாளைக்கு ஒன்றை மூடி வைக்கும்? மறுநாள் உச்சிவெயிலில், முகம் கழுவப் போனவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். முள்ளை விரலால் தொட்டாள். பிடுங்கிப் பார்த்தாள், வரவில்லை. எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள். நாங்கள் பத்துப் பேர் அங்கே இருந்தோம்.

"நெசமாச் சொல்லுண்ணா. அன்னிக்கு நீ ஆத்தக் கேட்டியா, என்னக் கேட்டியா?"

மாதையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நீ போயிட்டா நான் யாரக் கூப்புடுவேன்?" என்றான். அழுதான். "கல்லுன்னு சொல்லி அறுத்துடறேன் பாப்பா, நீ செத்துப் போயிட்டீன்னா?" என்று கேட்டான், கேட்டுவிட்டு, பழக்கத்தில், "மீனா..." என்றான்.

அவளுக்கு உதட்டோரம் தூக்கியது. பதில் சொல்வதற்கு முன்னாலேயே தூக்கியது. அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது, முள் கல்லிலும் இல்லை, உதட்டிலும் இல்லை, கூப்பிட்டால் என்ன என்று கேட்கிறோமே, அதில் இருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெறும் ரீலிலிருந்து ஒரு பாகம் நரம்பு தானாக நழுவி மடுவுக்குள் போயிற்று.

அன்றிலிருந்து அவள் பதில் சொல்வதை விட்டாள். "மீனா, சோறு ஆறுது" என்றாள் கெம்பம்மா. அவள் பேசாமல் வந்து சாப்பிட்டாள். பூசாரி கூப்பிட்டார், பிள்ளைகள் கூப்பிட்டன, நானும் கூப்பிட்டேன். பேசாத ஒவ்வொரு தடவைக்கும் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு பாகம் கிடைத்தது. காது மந்தமாகிவிட்டது என்றார்கள் சிலர், திமிர் என்றார்கள் சிலர். மீன் குறைய ஆரம்பித்தது. அதனால் நாங்கள் இன்னும் அதிகமாகக் கூப்பிட்டோம், அதனால் அவள் இன்னும் தூரம் போனாள், முட்டாள்தனத்துக்கு எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபத்தேழாம் நாள் அவள் எழுபதாவது பாகத்தில் நின்றாள். புளியமரத்தின் நிழல் அவள் கால் விரலில் பட்டது.

அப்போது ஆனைக்கல்லில் மாதையன் வழுக்கி விழுந்தான். "ஐயோ, மீனா!" என்று கத்தினான்.

"அண்ணா!" என்று அவள் ஓடிவந்தாள்.

முட்டி பெயர்ந்து ரத்தம் கொட்டியது, பொய்யில்லை, நானே துணி கட்டினேன். ஆனால் கிடைத்த பாகமெல்லாம் ஒரே பதிலில் போய்விட்டது, மறுபடியும் அறுபது. வாளைகள் திரும்பி வந்தன. அவள் அண்ணன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவன் தலையைத் தடவிக்கொண்டே, "இனிமே விழாத அண்ணா. விழுந்தாலும் என்னக் கூப்புடாத" என்றாள். கெம்பம்மா சட்டியில் மீனைப் புரட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாது, ஒரு பாகமும் கிடைக்காது. அவள் கெடுவுக்குள் ஓசூர் போய்ச்சேர, முப்பதாம் நாள் காலை பத்தரை மணிப் பேருந்துதான் கடைசி.

அன்று பேருந்து பத்து மணிக்கே வந்து நின்றது. நான் கூடையை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மீனா பையை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, ரேஷன் கடையைத் தாண்டி, அறுபதில் நின்றாள். திரும்பாமல் நின்றாள். போக முடியாது என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஊர் சத்தம் போடாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னும் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முதலில் கூப்பிட்டது கெம்பம்மா. அடுப்பை விட்டு எழுந்து வந்து, கையில் சட்டுவத்தோடு, "மீனா!" என்று கத்தினாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீனா! அடியே மீனா! மீனா!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஊரிலேயே மீனால் அதிகம் பிழைத்தவள் அவள்தான், அவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அறுபத்தொன்று. அறுபத்துநான்கு. பூசாரி அவள் வாயைப் பொத்த ஓடினார். அதற்குள் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மீனா உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிர்காற்றில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு பாகம் முன்னே நகர்ந்தாள். எழுபது. எழுபத்தொன்று.

பூசாரியும் ஆட்களும் அவர்களை அடக்கிவிட்டார்கள். ஊர் மறுபடி வாயை மூடிக்கொண்டது. அவள் புளியமரத்துக்கு ஒரு பாகம் இப்பால், படிக்கட்டுக்குக் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நின்றாள். டிரைவர் என்ஜினை ஓடவிட்டார்.

மாதையன் கழியோடு நொண்டிக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் வந்திருந்தான். கழியைப் பிடித்தவன் ஆனைக்கல்லை விட்டு இறங்கி நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் கூப்பிட்டால் அவள் திரும்பிவிடுவாள் என்று எங்களுக்கு நம்பிக்கை, திரும்பிவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். அவன் கத்தவில்லை. இரண்டு தடவை நரம்பைச் சுண்டினான். கல்லா என்று கேட்கவே இல்லை.

"மீனா?" என்றான், தொட்டிலைப் பார்த்துக் கேட்ட அதே குரலில்.

அவள் வாய் திறந்தது, எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு தடவை தவிர, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, உதட்டோரம் கீழே இறங்கியது, படியில் காலை வைத்து ஏறினாள்.

மாதையன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, மடியிலிருந்து கத்தியை எடுத்தான். நரம்பு அறுந்தபோது சத்தமே வரவில்லை. அறுத்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் அதே பேரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் வெளியூர்க்காரர். அவள் ஏறியதும் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்களத்தானே கூப்புடறாங்க?" என்றார்.

"இல்லீங்க," என்றாள் அவள். "தூண்டில் போடறவர். கல்லா மீனான்னு கேக்கறாரு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அந்த முப்பது நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"பாவம், அழுதுட்டே கேக்கறாரேம்மா. யாராச்சும் பதில் சொல்லக் கூடாதா?"

"கரையில நிக்கறவங்க பதில் சொல்லக் கூடாதுங்க," என்றாள் மாதேஸ்வரி.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.